அண்ணாவுக்கு ஒரு பெயர்ச்சொல்

ஸ்ரீரங்கத்தில் பிள்ளை வீட்டார் கீழச் சித்திரை வீதியில் இருப்பார்கள். பெண் வீட்டார் வடக்கு உத்தர வீதியில் இருப்பார்கள். மெதுவாக நடந்தாலும் பத்து நிமிஷம்தான். இரண்டு வீட்டிலும் பேசுவது தமிழ், சண்டை போடுவது தமிழ், பெருமாளிடம் முறையிடுவதும் தமிழ். ஆனால் ஜாதகத்தோடு போகிற பயோடேட்டா மட்டும் இங்கிலீஷில்தான் போக வேண்டும். தமிழில் எழுதி அனுப்பினால் பிள்ளையிடம் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். காம்ப்ளெக்ஷன், ஹாபி, எக்ஸ்பெக்டேஷன் என்று வரிசையாக வரும். எக்ஸ்பெக்டேஷன் என்ற இடத்தில் எல்லோருமே நல்ல குடும்பம் என்றுதான் எழுதியிருப்பார்கள். கெட்ட குடும்பம் வேண்டும் என்று எழுதிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் இலாகா என் பொறுப்பு. புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். இருபது வருஷம் ஆகிவிட்டது. எனக்கு ஒரு வியாதி உண்டு. ஏறக்குறைய ஒரே அர்த்தம் வரும் இரண்டு பெயர்ச்சொற்களைப் பார்த்துவிட்டால், எது எந்த இடத்துக்கு என்று தீர்த்துவைக்காமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. "மிஸ், ட்ரிப், ஜர்னி ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்த பீரியட் அத்தோடு முடிந்தது. எடமலைப்பட்டி புதூரில் இருக்கிற என் வீட்டிலிருந்து ஸ்ரீரங்கத்தில் அம்மாவைப் பார்க்கப் போவது ட்ரிப். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தால் ஜர்னி. கூடவே என் மாமியாரும் வந்தால் எக்ஸ்பெடிஷன். இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன்.

அக்கம்பக்கத்திலும் இந்த வியாதி தெரிந்துவிட்டது. அம்மா வீட்டு மாடியில் குடியிருக்கும் மாமா ஒரு நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். புத்தூரில் டாக்டரைப் பார்க்கப் போகிறாராம். பெயின் என்று சொல்வதா, ஏக் என்று சொல்வதா என்று கேட்டார். விடாமல் மந்தமாக வலித்தால் ஏக், சுரீரென்று வலித்தால் பெயின் என்று நான் கால் மணி நேரம் விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, "ஏக்னா சாதாரணமா விட்டுடுவார். நான் பெயின்னே சொல்லிடறேன்" என்று போனார். டாக்டர் நான்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிவிட்டார். மாமாவுக்கு ஏக திருப்தி.

இப்போது அண்ணா விஷயத்துக்கு வருகிறேன். அவன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். பி.காம் முடித்த வருஷம் அப்பா போய்விட்டார். யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு கல்யாணத்துக்குக் காய் நறுக்கப் போனான். அப்படியே அந்த வேலையிலேயே தங்கிவிட்டான். இப்போது அவனிடம் ஏழு பேர் இருக்கிறார்கள். கல்யாணம், சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி எல்லாவற்றுக்கும் தளிகை பண்ணுகிறான். எங்கள் பேச்சில் சமையலுக்குத் தளிகை என்று பெயர். பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணுவதும் அதுதான், பந்தியில் போடுவதும் அதுதான். பெரிய உருவம், சின்னக் குரல். "உப்பு சரியா இருக்கா?" என்பதைத் தவிர இந்த உலகத்திடம் அவன் கேட்ட கேள்வி எதுவும் எனக்கு நினைவில்லை.

ஸ்ரீரங்கத்தில் அந்தத் தொழில் செய்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தான் பண்ணியதை யாராவது புகழ்ந்தால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. உடனே அதில் ஒரு குற்றம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தலைக்கனம் என்பார்கள், அடுத்த பானை அடிப்பிடிக்கும் என்பார்கள். பந்தியில் ஒருவர் "சாத்துமது அமிர்தம்" என்று ரசத்தைப் புகழ்ந்தால் அண்ணா அங்கேயே கையைக் கட்டிக்கொண்டு, "புளி ஒரு சொட்டு கூடிடுத்து மாமா" என்பான். அவர் இன்னொரு தொன்னை கேட்டு வாங்கிக் குடிப்பார். இருபது வருஷமாக இதே கதைதான்.

அவனுக்கு முப்பத்திரண்டு வயதில் பெண் தேட ஆரம்பித்தோம். நாற்பத்து மூன்று வரைக்கும் தேடினோம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவளுக்கு ஒரே கவலை. ஆயிரம் பேருக்குப் போட்டுவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வருகிறவன், தட்டில் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டு தனியாக உட்கார்ந்திருப்பான். "எனக்கப்பறம் இவனுக்கு ஒரு கரண்டி யாருடி போடுவா?" என்று அம்மா என்னிடம் கேட்பாள்.

முதல் பயோடேட்டாவுக்கு உட்கார்ந்தபோது, வேலை என்ற இடத்தில் என்ன போட என்று கேட்டேன். "குக்குன்னு போடேன்" என்றான். போட்டேன். போட்டதைப் பார்த்தேன். நாலே எழுத்தில் சின்னதாக நின்றது. குக் என்று போட்டால் யார் பெண் கொடுப்பார்கள் என்று அழித்துவிட்டேன். ஸ்ரீரங்கத்துக்குள் அவனைத் தெரியாத வீடு கிடையாது. அதனால் உள்ளூரில் பார்க்கவே வேண்டாம் என்றும் நானே தீர்மானித்தேன்.

குக்குக்குப் பதிலாக செஃப் என்று போட்டேன். தானே சமைக்கிறவன் குக், நாலு பேரை வேலை வாங்கிச் சமைக்கிறவன் செஃப். அண்ணாவுக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள், ஆகவே செஃப் என்பது பொய்யில்லை. சென்னையிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா போன் செய்தார்.

"எந்த ஹோட்டல்ல இருக்கார்?"

"ஹோட்டல்ல இல்லை" என்றாள் அம்மா.

"பின்னே எங்கே இருக்கார்?"

நான் சொல்லிவைத்தபடி அம்மா, "அதெல்லாம் என் பொண்ணு வந்து சொல்லுவா" என்றாள்.

யோசித்துச் சொல்கிறோம் என்று அவர் வைத்துவிட்டார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து கான்ட்ராக்டர். சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறான், ஆகவே இதுவும் பொய்யில்லை. லால்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் சந்தோஷமாகப் போன் செய்தார். அவரும் கான்ட்ராக்டராம். அண்ணா எந்தப் பாலம் கட்டியிருக்கிறான் என்று கேட்டார். அம்மா, "பாலமெல்லாம் இன்னும் கட்டலை" என்று மட்டும் சொன்னாள். இந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

என் கணவர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். பேச்சு குறைவு, யோசனை அதிகம். "ஃபுட் டெக்னாலஜிஸ்ட்னு போடு" என்றார். போட்டேன். இந்தத் தடவை பெண்ணே நேராக அண்ணாவுக்குப் போன் செய்தாள். பெங்களூரில் ஏதோ ஆராய்ச்சி செய்கிறவள். நீங்கள் எதில் ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டாள். அண்ணா அப்போது ஒரு மண்டபத்தில் மாவு பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் யோசித்து, "இப்போதைக்கு மெதுவடையில" என்றான். தன்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்து அவள் போனை வைத்துவிட்டாள். அவன் சொன்னது அத்தனையும் நிஜம். அன்றைக்கு உளுந்து சரியில்லை.

"செல்ஃப் எம்ப்ளாய்ட்னு போட்டா எல்லாம் அடங்கிடும்" என்றார் கணவர்.

"அது பெயர்ச்சொல் இல்லை. பெயருரிச்சொல்" என்றேன்.

"உன் அண்ணாவுக்குக் கல்யாணம் ஆகணுமா, இலக்கணம் ஆகணுமா?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்குக் காப்பி கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது.

வருஷங்கள் இப்படித்தான் போயின. வேண்டாம் என்று சொன்ன வீடுகளில் இரண்டு, பிறகு வேறு பிள்ளையைப் பார்த்து ஸ்ரீரங்கத்திலேயே மண்டபம் எடுத்துக் கல்யாணம் செய்தார்கள். இரண்டுக்கும் தளிகை அண்ணாதான். அதில் ஒன்றில் அக்காரவடிசில் ரொம்ப நன்றாக அமைந்துவிட்டது என்று வந்து சொன்னான். பொருமல் ஏதாவது தெரிகிறதா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பொருமியது நான்தான்.

போன வருஷம், எல்லாச் சொல்லும் தீர்ந்த நிலையில், ஹாஸ்பிடாலிட்டி புரொஃபஷனல் என்று போட்டேன். அது என்ன வேலை என்று எனக்கே சரியாகத் தெரியாது. அதுதான் அந்தச் சொல்லின் அழகு. வாட்ஸ்அப்பில் போன மூன்றாம் நாள் தென்னூரிலிருந்து பதில் வந்தது. பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும். அவளுடைய பயோடேட்டாவில் எக்ஸிக்யூட்டிவ் என்று போட்டிருந்தது. ஹாபி என்ற இடத்தில் குக்கிங். எழுதியவர் அவளுடைய அக்காவின் கணவர், அதாவது அவளுக்கு அத்திம்பேர். ஒவ்வொரு வரியையும் படிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எதிர்முனையிலும் என்னைப் போலவே ஒரு நோயாளி இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வரச் சொன்னார்கள். அம்மாவும் என் கணவரும் கூட வந்தார்கள். போகும் வழியில் ஆட்டோவில் அண்ணாவைத் தயார் செய்தேன்.

"என்ன பண்றேள்னு கேட்டா ஹாஸ்பிடாலிட்டி லைன்ல இருக்கேன்னு சொல்லு. அதுக்கு மேல நான் பேசிக்கறேன்."

"அது பொய்யில்லையா?"

"பொய் இல்லை அண்ணா. பொதுச்சொல். உன் வேலையும் அதுக்குள்ள வரும்."

அவன் காவிரிப் பாலம் முடிகிறவரைக்கும் யோசித்தான். "சொஜ்ஜியை ஸ்வீட்டுன்னு சொல்ற மாதிரியா?"

"அதேதான்."

"அப்படிச் சொன்னா கேக்கறவாளுக்கு என்ன புரியும்?" என்றான். புரியாமல் இருக்கத்தான் அப்படிச் சொல்கிறோம் என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

தென்னூரில் இரண்டாவது மாடி. பெண்ணின் அம்மா வாங்கோ வாங்கோ என்று கூப்பிட்டு உட்காரவைத்தாள். அத்திம்பேர் என்னைப் பார்த்து, "பயோடேட்டா நீங்க டிராஃப்ட் பண்ணினதா? வெல் வேர்டட்" என்றார். உங்களுடையதும் அப்படித்தான் என்றேன். பெண் வந்து நமஸ்காரம் செய்தாள். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியோடு, ஆடிட்டர் ஆபீஸ் ஃபைலைப் பார்ப்பது போலவே எங்களையும் ஒரு தடவை பார்த்தாள். எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்கும் பிடித்துவிட்டது என்பது அவள் என் முழங்கையைக் கிள்ளியதிலிருந்து தெரிந்தது. பெண் உள்ளே போனாள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்தன.

பெண் பார்க்கப் போகிற இடத்தில் சொஜ்ஜிக்கு ஒரு சட்டம் உண்டு. பெண்ணே பண்ணியது என்று அவர்கள் சொல்ல வேண்டும். பிரமாதம் என்று நாம் சொல்ல வேண்டும். அது மண்ணாக இருந்தாலும் சரி. இதை மீறியவர்களை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

நான் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டேன். பல்லில் ஏதோ சன்னமாக நொறுங்கியது. நெய்யில் வறுத்த வெள்ளரி விதை. சொஜ்ஜியில் ஊரில் எல்லோரும் முந்திரி போடுவார்கள், திராட்சை போடுவார்கள். வெள்ளரி விதை போடுகிற ஒரே ஆள் எனக்கு நேர் எதிரே, கையில் ஸ்பூனோடு, அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் முகம் மெதுவாகச் சிவந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். முகூர்த்த மாசத்து ஞாயிற்றுக்கிழமைகளில் சொஜ்ஜிக்கு மட்டும் ஊர் முழுக்க ஆர்டர் வரும். அண்ணாவின் குழுவில் மூத்தவராக இருக்கிற ஒரு மாமாதான் போனில் எழுதிக்கொள்வார். அவர்தான் கொண்டுபோய்க் கொடுப்பார். அன்றைக்குக் காலையில் ஐந்து வீட்டுக்கு அண்ணா கிளறியிருக்கிறான். எந்த வீடு என்று அவன் கேட்கவில்லை. யார் கிளறியது என்று தென்னூர்க்காரர்களும் கேட்கவில்லை.

அம்மாவும் ஒரு வாய் சாப்பிட்டாள். கண் விரிந்தது. "இது நம்ம..." என்று ஆரம்பித்தாள். அவள் கால் மேல் என் காலை வைத்து அழுத்தினேன்.

"காத்தாலேர்ந்து அடுப்படியை விட்டு நகரலை. எல்லாம் அவளே பண்ணினா" என்றாள் பெண்ணின் அம்மா. பிறகு நேராக அண்ணாவைப் பார்த்து, "சொஜ்ஜி எப்படி இருக்கு? நன்னா இருக்கோல்லியோ? ஒரு வாய் சாப்பிட்டவா எல்லாரும் மறக்கவே மாட்டோம்பா" என்றாள்.

அவள் வேறு என்ன கேட்டிருந்தாலும் பரவாயில்லை. அண்ணாவின் சொஜ்ஜியை அண்ணாவிடமே புகழ்ந்துவிட்டாள். இருபது வருஷத்துப் பழக்கம். அவன் வாய் தானாகத் திறந்தது.

"ரவை பெரிசு. இன்னும் ரெண்டு நிமிஷம் வறுத்திருக்கணும். ஜீனியும் ஒரு பிடி கூட."

பெண்ணின் அம்மா கையில் இருந்த பஜ்ஜித் தட்டு அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து என் கணவர் ஒரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார்.

"ஆசையா பண்ணின குழந்தை சார் அவ" என்றார் அத்திம்பேர். குரல் மாறியிருந்தது.

நிஜத்தைச் சொன்னால் அவர்கள் மானம் போகும். கூடவே என் பெயர்ச்சொல்லும் போகும். சொல்லாவிட்டால் இந்த இடமும் போகும். இதற்குப் பிறகு வேறு இடம் வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அம்மா என்னையே பார்த்தாள். எனக்குத் தெரிந்த ஒரே வித்தையில் இறங்கினேன்.

"தப்பா எடுத்துக்காதேங்கோ. அது கம்ப்ளைன்ட் இல்லை. ஒரு அப்சர்வேஷன்."

"அப்சர்வேஷன்னா நியூட்ரலா இருக்கணும் மேடம். இது கிரிட்டிசிசம்."

"கிரிட்டிசிசம்னா விமர்சனம். அதுல நல்லதும் வரும். வேணும்னா ரிமார்க்னு வெச்சுக்கலாம்."

"ரிமார்க்குக்குப் பின்னாடி இன்டென்ஷன் இருக்கு."

"இன்டென்ஷனா, மோட்டிவா? எதைச் சொல்றேள்?"

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நானும்தான். இத்தனை வருஷத்தில் எனக்குச் சமமான ஒரு ஆளிடம் பேசுவது அதுதான் முதல் தடவை. வந்த காரியம் இரண்டு பேருக்கும் மறந்துபோனது. ஆப்ஜெக்ஷன் வரை வந்தோம். அதற்குள் பெண் உள்ளேயிருந்து வந்து நடுவில் நின்றாள்.

"போறும் அத்திம்பேர். அந்த சொஜ்ஜியை நான் பண்ணலை. ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஆர்டர் கொடுத்து வாங்கினது."

"அடியே!" என்றாள் அவள் அம்மா.

"பின்னே என்னம்மா? அவர் சொன்னது எனக்கு எப்படி வலிக்கும்? நான் கரண்டியையே தொடலையே." அண்ணாவின் பக்கம் திரும்பினாள். "ரவை பெரிசுன்னு சாப்பிட்டே எப்படிக் கண்டுபிடிச்சேள்?"

அண்ணா முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான். ஒரு விநாடி என்னைப் பார்த்தான். நான் ஹாஸ்பிடாலிட்டி என்று வாயை அசைத்தேன்.

"சாப்பிட்டுக் கண்டுபிடிக்கலை. காத்தால வறுக்கறச்சயே தெரியும்" என்றான். "நான்தான் பண்ணினேன். நான் சமையல்காரன். கல்யாணத்துக்கெல்லாம் தளிகை பண்றேன். இங்கேதான் வரப்போறதுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா நல்ல ரவையாப் பார்த்து வாங்கியிருப்பேன்."

அத்திம்பேர் மேஜை மேலிருந்த பயோடேட்டாவை எடுத்து அந்த ஒரு வரியை மறுபடியும் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பெண் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு இல்லை, சத்தமாகவே. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். "எனக்கு குக்கிங் ஹாபின்னு எழுதியிருக்கு. எனக்கு சாத்துமது வெக்கவே பயம். எக்ஸிக்யூட்டிவ்னும் எழுதியிருக்கு. ஆபீஸ்ல ஃபைல் அடுக்கறேன், டைப் அடிக்கறேன். சரி, பெரிய ரவையா வந்துட்டா என்ன பண்ணணும்?"

"வெந்நீரை கொஞ்சம் கூட விட்டு, மூடி வெக்கணும்."

"இன்னிக்கி ஏன் வெக்கலை?"

"அஞ்சு ஆர்டர். நேரமில்லை."

அதற்கப்புறம் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அண்ணா ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னான், நடுவில் ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தான். அத்திம்பேரும் நானும் இரண்டு பக்கமும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தோம். பெண்ணின் அம்மா மட்டும் உம்மென்று இருந்தாள். கிளம்பும்போது, "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றாள். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஆட்டோவில் அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"நன்னா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன அண்ணா? வாய் தேஞ்சா போயிடும்?"

"ரவை பெரிசுதானே" என்றான்.

நான்கு நாள் ஒரு தகவலும் இல்லை. அம்மா தினமும் இரண்டு தடவை போன் செய்து, போன் வந்ததா என்று என்னிடம் கேட்டாள். வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. அந்தப் பெண்தான். இந்தத் தடவை பயோடேட்டாவின் அடியில் என் நம்பரைப் போட்டிருந்தேன்.

"எங்காத்துல ரெண்டு கட்சியா இருக்கா" என்றாள். "அம்மாவுக்கு, மாப்பிள்ளை சமையல்காரரான்னு யோசனை. அத்திம்பேருக்கு அவர் மேல ஒண்ணும் இல்லை, உங்க இங்கிலீஷ் மேலதான் கோவம்."

ம் கொட்டினேன்.

"நான் ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்கோ. பதினோரு வருஷமாப் பார்க்கறேள்னு உங்கம்மா சொன்னா. அவர் சமையல்காரர்னு தெரிஞ்சு எத்தனை பேர் வேண்டாம்னா?"

நிறையப் பேர் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பதினோரு வருஷமாக நான் அம்மாவிடமும் கணவரிடமும் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்த பதில் அது. ஆனால் அவள் எத்தனை என்று கேட்டாள். சரியான எண்ணிக்கை சொல்லலாம் என்று விரலை மடக்கப் பார்த்தேன். சென்னைக்காரருக்குத் தெரியாது. லால்குடிக்காரருக்குத் தெரியாது. பெங்களூர்ப் பெண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். என் விரல் ஒன்றுகூட மடங்கவில்லை. அவர்கள் யாரும் சமையல்காரனை வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வீட்டில் எதையோ மறைக்கிறார்கள் என்று பயந்து போனார்கள். மறைத்தது நான். அண்ணாவை நினைத்து வெட்கப்பட்டவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான்.

"ஒருத்தரும் இல்லை" என்றேன்.

"ஒருத்தர்கூடவா? ஏன்?"

"யார்கிட்டயும் சொல்லலை. நான் சொல்ல விடலை."

பின்னால் ஆடிட்டர் ஆபீசில் யாரோ ஏதோ ஃபைலைக் கேட்டார்கள். இதோ வரேன் என்று அவள் அவர்களிடம் சொன்னது கேட்டது.

"அப்போ முதல்ல கேட்டவளே நான்தானா?" என்றாள். "சரி. எனக்குச் சம்மதம்னு அவர்கிட்ட சொல்லிடுங்கோ. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. பிள்ளைகள் காத்திருக்க, நான் தாழ்வாரத்தில் நின்று அழுதுகொண்டே அண்ணாவின் நம்பரைத் தேடினேன்.